‘சிஸ்டர்’ என்று கூப்பிடாத வார்டு

சென்னையிலிருந்து இங்கிலாந்தின் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவமனைகளுக்குக் கிளம்பும் நர்ஸ்கள் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்கும் விசாவுக்கும்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அவை படித்தும் காத்திருந்தும் முடித்துவிடக் கூடியவை. வார்டில் கால் வைத்த பிறகு வருவதற்கு யாரும் தயார்ப்படுத்துவதில்லை.

அங்கே ‘சிஸ்டர்’ என்பது வார்டு பொறுப்பாளரின் பதவி. பேண்ட் 5 என்ற தொடக்க நிலையில் புதிதாகச் சேரும் நர்ஸை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். பெரிய டாக்டரைக்கூடப் பல வார்டுகளில் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். ‘சார்’ வாயில் வந்துகொண்டே இருக்கும். போகப் போகச் சரியாகும்.

பெரிய மாற்றம் உடம்பு வேலையில். நம் ஊரில் நோயாளியோடு ஒரு அட்டெண்டர் இருப்பார். துடைத்துவிட, ஊட்டிவிட, பாத்ரூம் கூட்டிப்போக அவரோ ஆயாம்மாவோ உண்டு. அங்கே உறவினர் பார்வை நேரத்தில் வந்து போவார். மற்றதெல்லாம் நர்ஸும் ஹெல்த்கேர் அசிஸ்டென்டும்தான். பெட்பேனைப் பார்த்து ஒதுங்கி நின்றால், அதை முதல் வாரத்திலேயே எல்லோரும் கவனித்துவிடுவார்கள். கேட்காமலே கையுறை மாட்டிக்கொண்டு கூட நிற்பவரை அவர்கள் சீக்கிரம் தங்களில் ஒருவராக எடுத்துக்கொள்வார்கள். வார்டு ஆளை எடைபோடுவது இங்கேதான்.

முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது. வளையல், வாட்ச், கோயில் கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். கல் பதிக்காத கல்யாண மோதிரம் ஒன்றுக்கு மட்டும் பொதுவாக அனுமதி. நேரம் பார்க்க மார்பில் குத்தும் ஃபாப் வாட்ச் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

காலை எட்டு மணி மாத்திரையை ஒரு பாட்டி வேண்டாம் என்கிறார். “டாக்டர் சொல்லியிருக்கார், போட்டுக்கோங்கம்மா” என்று இங்கே சமாளிப்போம். அங்கே, விஷயம் புரிந்து மறுப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2005ஆம் ஆண்டின் மென்டல் கெபாசிட்டி சட்டம் அந்த உரிமையைத் தெளிவாகச் சொல்கிறது. ஏன் வேண்டாம் என்று கேட்டு, மருந்துச் சார்ட்டில் மறுத்ததற்கான குறியைப் போட்டு, டாக்டரிடம் சொல்லி, குறிப்பிலும் எழுத வேண்டும். எழுதாதது நடக்காததுதான்.

அங்கே நர்ஸாகப் பதிவாகி பி.ஐ.என். என்ற பதிவு எண் வாங்க எழுத வேண்டிய ஆஸ்கி ஒரு செய்முறைத் தேர்வு; அதில் பத்து ஸ்டேஷன்கள், அதாவது பத்துத் தனித்தனிச் சோதனைகள். கை நன்றாக வேலை செய்பவர்களும் தோற்பதுண்டு. கை கழுவ மறப்பது, மணிக்கட்டுப் பட்டையில் பெயரும் பிறந்த தேதியும் பார்க்காதது, அலர்ஜி கேட்காதது, அனுமதி கேட்காமல் தொடுவது ஆகியவைதான் காரணம். செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யப் பழகுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள்; நோயாளியின் நிலை மோசமாவதைப் புள்ளி போட்டுக் காட்டும் நியூஸ்2 சார்ட்டில் 25ஐத் தொட்டாலே 3 புள்ளி, ஓர் அளவுக்கு அதுதான் உச்சம். காய்ச்சலைச் செல்சியஸில் நினைக்கப் பழகுங்கள்: நம் 101 அங்கே 38.3.

பேச்சில் சில பொடி வைத்திருக்கும். “யூ ஆல்ரைட்?” வெறும் வணக்கம். “ஸ்பென்ட் எ பென்னி” என்று முதியவர் சொன்னால் பாத்ரூம் அவசரம். “இதைக் கொஞ்சம் செய்ய முடியுமா?” என்று பொறுப்பாளர் மெதுவாகக் கேட்டால், அது உத்தரவு. புரியாதபோது தலையாட்டி வைப்பதுதான் ஆபத்து. நம் தலையாட்டலை அவர்கள் ‘சரி’ என்று எடுத்துக்கொள்வார்கள், தப்பான மருந்து அங்கிருந்துதான் கிளம்பும். திரும்பக் கேட்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

வீடு பற்றிச் சுருக்கமாக: இங்கிலாந்தில் பெரும்பாலான வாடகைகளுக்கு அட்வான்ஸ் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். சம்பளம் மாதக் கடைசியில்தான், அதுவரை கையில் பணம் வேண்டும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்மோக் அலாரத்தைத் துணியால் மூடாதீர்கள்.

நிறத்தைச் சொல்லி ஒரு நோயாளி “நீ தொடாதே” என்றால் விழுங்கிக்கொள்ள வேண்டாம். பொறுப்பாளரிடம் அப்போதே சொல்லி, அன்றைக்கே சம்பவ அறிக்கை பதியுங்கள். உயிராபத்து இல்லாத சிகிச்சையை அப்படிப்பட்டவருக்கு மறுக்கும் அதிகாரம் 2020 ஏப்ரல் முதல் அந்த மருத்துவமனைகளுக்கு உண்டு. அறிக்கையில் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், நேரத்தோடு.