ஆர்டர் எழுதியது நான், அலைந்ததும் நான்

போன வாரம் முடிந்த ராணுவ எக்ஸர்சைஸில் பட்டாலியனின் (சில கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவு) ஆப்பரேஷன் ஆர்டர், அதாவது யார் எப்போது என்ன செய்வது என்ற எழுத்து உத்தரவு, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வழக்கமான ஐந்து பத்திதான். முதல் இரண்டான நிலவரமும் பணியும் அரை மணியில் முடிந்தன.

மேலிடத்து ஆர்டர் காலை 6 மணிக்கு வந்தது. எச்-அவர், அதாவது நடவடிக்கை தொடங்கும் நேரம், மாலை 6. கையிலுள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நமக்கு, மிச்சம் கீழே இருப்பவர்களுக்கு. அந்தக் கணக்கில் 10 மணிக்கே கம்பெனிகளுக்குப் போயிருக்க வேண்டிய என் ஆர்டர் மதியம் 1 மணிக்குத்தான் போனது. அதில் இரண்டு மணி நேரம் என் தப்பு, வரைபடத்து அம்புக்குறிகளை அழகுபடுத்திக்கொண்டிருந்தேன். மீதி ஒரு மணி நேரம் ஓவர்லே தாள் (வரைபடத்தின் மேல் வைத்துத் திட்டத்தை வரையும் தாள்) கிளார்க்கின் தட்டில் கிடந்தது, எத்தனையாவது பிரதி என்று காட்டும் காப்பி நம்பர் இல்லையாம்.

"நம்பர் இல்லாம வெளிய போகாது சார்."

விதி அதுதான், மறுக்கவில்லை. வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலையே சார்."

நல்லவேளையாக வார்னிங் ஆர்டரை, அதாவது தயாராகச் சொல்லும் முன்னறிவிப்பை, 7 மணிக்கு முன்பே அனுப்பியிருந்தேன். அரைகுறையாக இருந்தாலும் அதை முதலில் தள்ளிவிடுங்கள். ஆட்கள் வண்டி, குண்டு, தண்ணீர் எல்லாம் தயார்செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

பெரிய அடி அதற்குப் பிறகு. எஞ்சினியர் பிளட்டூனை (முப்பது பேர் கொண்ட சிறு பிரிவு) "ஏ கம்பெனியுடன்" என்று எழுதியிருந்தேன். அட்டாச்டா (அந்தக் கம்பெனியின் கட்டளைக்குக் கீழ்), இன் சப்போர்ட்டா (தாய் யூனிட்டின் கட்டளையிலேயே இருந்து உதவுவது)? எழுதவில்லை. கம்பெனி கமாண்டர் தன் ஆட்கள் என்றே நினைத்து அவர்களை இரண்டாகப் பிரித்துவிட்டார். பிளட்டூன் கமாண்டரோ தன் சொந்த மேலதிகாரி சொன்னால்தான் நகர்வேன் என்றார். அட்டாச்ட் என்றால் ரேஷனும் டீசலும் வாங்கிக்கொள்ளும் யூனிட்டின் பொறுப்பு. சப்போர்ட் என்றால் தாய் யூனிட்டின் பொறுப்பு. இரண்டு பக்கமும் அந்த முப்பது பேரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆர்டர் வாங்கியவர்கள் தங்கள் திட்டத்தைத் திருப்பிச் சொல்லும் பேக்-பிரீஃபில்தான் இது வெளியே வந்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நீங்க என்ன செய்யப்போறீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதில் இன்னொன்றும் சிக்கியது: இரண்டு கம்பெனிக்கும் நடுவிலான எல்லைக்கோட்டைச் சாலைமேலேயே வரைந்திருந்தேன், சாலை யாருடையது என்று சொல்லவில்லை. இருவருமே அது தன்னுடையது என்று அதில் வண்டிகளை விட இருந்தார்கள். சாலை ஏ கம்பெனிக்குத்தான் என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். திருத்தி அனுப்பினேன், இந்த முறை காப்பி நம்பரோடு.

அந்தப் பிளட்டூன் கமாண்டர் இப்போது மெஸ்ஸில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்: "சார், இன்னிக்கு நாங்க யார் கணக்குல சாப்பிடணும்?"