சில்வர் கோஸ்ட்: பாடிக்குக் கீழே

ஜூன் 8, 2024

ரோல்ஸ் ராய்ஸ் 40/50 என்ற காரின் சேசிஸ், அதாவது அடிச்சட்டகத்தின், வரைபடங்களை மறுபடி விரித்திருக்கிறேன். சில்வர் கோஸ்ட் என்று உலகம் அழைக்கும் வண்டி. கம்பெனி விற்றது எஞ்சினும் கியர் பாக்ஸும் அச்சுகளும் பூட்டிய சேசிஸை மட்டும்தான். பாடி கட்டியது பார்க்கர், ஹூப்பர் மாதிரியான பட்டறைகள். பிரபுக்கள் பாடியைப் பார்த்து மயங்கினார்கள். கம்பெனியின் பொறியாளர் ஹென்றி ராய்ஸ் 1906 முதல் விடாமல் திருத்திக்கொண்டிருந்தது அதற்கு அடியில் இருந்ததை.

முதலில் கிராங்க்ஷாஃப்ட், பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. அவருடைய முந்தைய 30 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் நீளமான கிராங்க் முறுக்கி அதிர்ந்தது. 40/50-இல் சிலிண்டர்களை மும்மூன்றாக இரண்டு பிளாக்கில் வார்த்து, கிராங்க்கைத் தடிப்பாக்கி, ஏழு பேரிங்கில் தாங்கவைத்தார். எண்ணெய் பம்பின் அழுத்தத்தில் பேரிங்குகளுக்குப் போனது. இந்த அடித்தளம் சரியாக அமைந்ததால்தான் மற்றதையெல்லாம் பிறகு மாற்ற முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஜூன் 10

இன்று முழுக்க கியர் பாக்ஸ். எனக்கு இந்த வண்டியில் மிகப் பிடித்த அத்தியாயம் இதுதான்.

தொடக்கத்தில் நான்கு கியர். மூன்றாவதே நேரடி, அதாவது எஞ்சின் வேகத்திலேயே வெளித்தண்டு சுழலும். நான்காவது ஓவர் டிரைவ், தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுழலும். ஆனால் அந்தக் கால ஓட்டுநர்களுக்குக் கியர் மாற்றுவதே தண்டனை. டாப் கியரில் போட்டுவிட்டால் அதிலேயே எல்லா ரோடும் ஓட வேண்டும். ராய்ஸ் ஓவர் டிரைவை எடுத்துவிட்டு, டாப் நேரடியாக வரும் மூன்று கியருக்கு மாறினார். எஞ்சினும் 7,036 சிசியிலிருந்து 7,428 சிசி ஆனது. பிஸ்டன் ஓட்டத்தை மட்டும் நீட்டிக் கிடைத்த இழுவை அது.

1911-இல் 1701 என்ற எண்ணுள்ள சேசிஸ் லண்டனிலிருந்து எடின்பரோ போய்த் திரும்பியது, முழுக்க டாப் கியரிலேயே. ஓட்டியவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ். ஒரு கேலனுக்கு 24.32 மைல். மூன்று கியர் தாராளம் என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

மறு ஆண்டே ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் கார்களுக்கான போட்டி. ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் கணவாயில் ஜேம்ஸ் ராட்லியின் வண்டி ஏற முடியாமல் நின்றது. எஞ்சினில் குறையில்லை, அந்தச் செங்குத்துக்கு முதல் கியர் போதவில்லை. 1913-இல் நான்கு கியர் திரும்பி வந்தது. ஆனால் பழையது அல்ல: டாப் நேரடியாகவே இருந்தது, கூடுதல் கியர் அடியில் சேர்ந்தது. அந்த ஆண்டு ஆல்ப்ஸில் ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகள் ஏறிக் காட்டின. தான் நீக்கியதைத் தானே வேறு இடத்தில் திரும்ப வைக்கும் இந்த நேர்மை எனக்கு அபாரமாகப் படுகிறது.

ஜூன் 13

பின் ஸ்பிரிங்கும் பலமுறை மாறி, கடைசியில் கான்டிலீவர் பட்டைகளில் நிலைத்தது: நடுவில் சேசிஸோடு பொருத்தி, பின்முனையில் அச்சைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள்.

பிரேக் இன்னும் சுவாரசியம். ஆரம்பத்தில் கால் பிரேக் பிடித்தது சக்கரத்தை அல்ல, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் நிறுத்தும் விசை முழுவதும் பின் அச்சின் பல்சக்கரங்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். 1913-இல் கால் பிரேக்கும் பின் சக்கரங்களின் பிரேக் டிரம்முக்குப் போனது. முன் சக்கரங்களுக்குப் பிரேக் வர 1920-கள் ஆயின. அதோடு மிதிக்கும் காலுக்குத் துணையாக, பிரேக் விசையைக் கூட்டித் தரும் சர்வோவும்.

ஜூன் 16

1925-இல் கோஸ்ட்டுக்கு அடுத்து வந்த ரோல்ஸ் ராய்ஸ் நியூ ஃபாண்டத்தின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வால்வுகளைச் சிலிண்டருக்கு மேலே கொண்ட எஞ்சின் புதிது. சேசிஸ் பெரும்பாலும் கோஸ்ட்டுடையதே. அந்தக் கான்டிலீவர் பட்டைகளும் அப்படியே இருக்கின்றன.