மொட்டை மாடியில் ஒரு பனிக்கூடாரம்

மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாத பெரம்பூர் வீட்டுக்கு நான்கு கிலோ எடையில் பனிக்காலக் கூடாரம் எதற்கு என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த செப்டம்பர் கடைசியில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நடப்பது என்று நானும் அக்கா மகனும் முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பாதையின் மேல்கோடியில் நிமலிங் என்ற மேய்ச்சல் வெளி இருக்கிறது. உயரம் 4,700 மீட்டருக்கு மேல். அந்த மாதத்தில் அங்கே பனி விழுந்தால் உள்ளூர்க்காரர்கள் யாரும் வியப்படைய மாட்டார்கள். உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறியபோதெல்லாம் பயண ஏற்பாட்டாளர்கள் அடித்துக் கொடுத்த கூடாரத்தில் போய்ப் படுத்தோம், எழுந்து வந்தோம். இம்முறை ஏற்பாட்டாளர் இல்லை. கூடாரம் எங்களுடையதாக இருக்க வேண்டும்.

அக்கா மகன் எண்களில் வாழ்பவன். துணி எத்தனை மில்லிமீட்டர் நீரழுத்தம் தாங்கும், நூலின் தடிமன் எத்தனை டெனியர், எடை எத்தனை கிராம் என்று கைப்பேசியில் பட்டியல் போட்டு எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். "சித்தி, இது மைனஸ் இருபது வரை தாங்குமாம்" என்று ஒன்றைக் காட்டினான். அங்கேதான் எங்கள் சண்டை தொடங்கியது. கூடாரத்துக்கு மைனஸ் இருபது என்றெல்லாம் கணக்கு வைத்து என்ன பயன்? துணி குளிரைத் தடுக்காது. உள்ளே இருவர் படுத்திருந்தால் வெளியைவிடச் சில டிகிரி கூடும், அவ்வளவுதான். குளிரைப் பார்த்துக்கொள்வது தூக்கப்பையும், அதைவிட முக்கியமாக அடியில் விரிக்கும் மெத்தையும். கூடாரத்தின் வேலை காற்றில் நிற்பது, விழுகிற பனியின் பாரத்தைத் தாங்குவது, காற்று அள்ளிவரும் பனித்தூளை உள்ளே விடாமல் இருப்பது.

கடைசியில் சொன்னதில்தான் சாதாரணக் கூடாரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சாதாரணக் கூடாரத்தின் உள்கூடு பாதிக்கு மேல் கொசுவலை. வெளித்துணி தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலேயே நின்றுவிடும், காற்றோட்டத்துக்காக. பனிக்காலக் கூடாரத்தில் உள்கூடு முழுத் துணி. வலை இருந்தாலும் அதன்மேல் ஜிப் வைத்த துணிக் கதவு இருக்கும். வெளித்துணி தரைவரை இறங்கும். சிலவற்றில் சுற்றிலும் ஒரு பாவாடை தைத்திருப்பார்கள், அதன்மேல் பனியைக் குவித்து அமுக்கிவிடலாம். இப்படிப்பட்ட ஒன்றை ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ தூக்கிக்கொண்டு போனால் இரவெல்லாம் வியர்த்துக் கொட்டும். எங்கள் மொட்டை மாடியில் அக்கா மகன் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பனியனைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தான்.

ஆம், மொட்டை மாடியில்தான் சோதித்தோம். மலையேறும் நண்பர்கள் இருவரிடம் ஆளுக்கொரு கூடாரம் இரவல் வாங்கினோம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சென்னையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. வர்தா புயலை மறந்திருக்க மாட்டீர்கள்: 2016 டிசம்பர் 12 அன்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் அடித்தது. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் காற்று ஒரு சதுர மீட்டர் துணியைச் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 120 கி.மீ. என்றால் ஏறக்குறைய 68 கிலோ. அதாவது பக்கச் சுவர்மேல் ஓர் ஆள் சாய்ந்துகொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சோதித்த அன்று அதில் பாதிகூட இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

முதல் கூடாரம் சுரங்கப்பாதை போன்ற நீள வடிவம். மூன்று வளைவுகளை வரிசையாக நிறுத்தி, இரு முனைகளையும் இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். ஸ்வீடனின் ஹில்லெபெர்க் நிறுவனம் இந்த வடிவத்துக்குப் பெயர் பெற்றது; துருவப் பயணம் போகிறவர்களிடம் நிறையப் பார்க்கலாம். அதே எடையில் உள்ளே இடம் தாராளம், முன்னால் பைகளையும் அடுப்பையும் வைக்க ஒரு திண்ணை அளவுக்கு இடம். தலைப்பக்கத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி அடித்தால் அசையாது. ஆனால் கான்கிரீட்டில் முளை அடிப்பது எப்படி? இருபது லிட்டர் தண்ணீர் கேன்களில் கட்டினோம். நிரம்பிய கேன்கள். காற்று திசை மாறிப் பக்கவாட்டில் அடித்த நேரத்தில் கூடாரம் ஒருபக்கமாக அமுங்க, ஒரு கேன் மாடியில் கரகரவென்று இழுபட்டுப் போனதை நானே பார்த்தேன். கீழ்வீட்டு அம்மா மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது, துணியைத் தாங்கும் குழாய்கள் ஒன்றையொன்று பல இடங்களில் வெட்டிக்கொண்டு போகும் குவிமாட வடிவம். வெட்டும் இடங்களில் உருவாகும் முக்கோணங்கள்தான் இதன் பலம். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடக் கணக்கைப் பின்பற்றி நார்த் ஃபேஸ் நிறுவனம் 1975-இல் 'ஓவல் இன்டென்ஷன்' என்ற கூடாரத்தைக் கொண்டுவந்தது. இன்று கடையில் பார்க்கும் மலைக் கூடாரங்கள் பலவற்றுக்கு அதுதான் முன்னோடி. முளையே இல்லாமல் தானாக நிற்கும். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிர்க்கும். பனி கூரையில் தேங்கினாலும் நடுவில் தொய்யாது. விலை, எடை இரண்டும் கூடுதல். அடிக்கவும் நேரம் பிடிக்கும், அதுவும் கையுறையோடு.

தானாக நிற்கிறது என்பதற்காகக் கட்டாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. 1911 ஜூலையில், அண்டார்க்டிகாவின் நடுக்குளிர்கால இருட்டில், தென்துருவப் பயணி ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கெரார்ட் மூவரும் எம்பரர் பென்குயின் முட்டை தேடி கேப் குரோசியருக்குப் போனார்கள். பனிப்புயல் அவர்களுடைய கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கூடாரம் இல்லாமல் திரும்பிச் செல்வது நடக்காத காரியம் என்று மூவருக்கும் தெரியும். புயல் ஓய்ந்தபின் தேடியதில், சுமார் அரை மைல் தள்ளி, சரிவின் அடியில், மடக்கிய குடையைப் போல மூடிக்கொண்டு கிடந்தது. கிழியவில்லை. அதனால்தான் பிழைத்தார்கள். இதைச் சொன்னதும் அக்கா மகன், "அவர்களிடம் தண்ணீர் கேன் இல்லை, அதனால்தான்" என்றான்.

எங்கள் தெருவில் பந்தல் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மாடியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஆடுகிறதே என்று பார்க்க ஏறி வந்தார். கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். குழாயைத் தொடக்கூட இல்லை. கயிறு மாட்டும் வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பார்த்தார், துணியை மடக்கி உள்பக்கத் தையலைப் பார்த்தார்.

"கம்பு உடையாது அம்மா. கயிறு கட்டிய இடம்தான் முதலில் கிழியும். இந்த மூலையில் ஒட்டுத்துணி ஒற்றையாகத்தான் இருக்கிறது."

"இரட்டையாக இருக்க வேண்டுமா, அண்ணா?"

"இரட்டை போட்டு, குறுக்கே தைத்திருக்க வேண்டும். காற்று ஒரே பக்கமாக இழுக்காது இல்லையா?"

இணையத்தில் படித்ததையெல்லாம் விட எனக்கு இது பயன்பட்டது. அதன்பிறகு கடையில் எந்தக் கூடாரத்தைக் காட்டினாலும் முதலில் கயிற்று முனைகளைத்தான் புரட்டிப் பார்க்கிறேன். ஒட்டுத்துணி எத்தனை அடுக்கு, கயிற்றின் இழுப்பு துணிக்கு மட்டும் போகிறதா, உள்ளே ஒரு நாடா வழியாகக் குழாயையும் பிடிக்கிறதா. பிந்தையதுதான் நல்லது. விலை மலிந்த சிலவற்றில் பனிப்பாவாடை மட்டும் அழகாகத் தைத்திருப்பார்கள்; குழாயோ 8.5 மி.மீ. ஒல்லி. கூடாரம் நிற்பதற்குப் பாவாடை உதவாது. ஃபைபர்கிளாஸ் குழாய் என்றால் பார்க்கவே வேண்டாம், கடுங்குளிரில் பிளந்துகொள்ளும். அலுமினியக் கலவை, 9 மி.மீ.க்குக் குறையாமல், கூடவே உடைந்த இடத்தில் மாட்டும் சிறு உறைக்குழாய் ஒன்று.

ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா என்பதில் அக்கா மகனுக்கு ஒற்றைச் சுவர்மீது காதல். எடை குறைவு, அடிப்பது எளிது, உயரமான சிகரங்களுக்குப் போகிறவர்கள் அதைத்தான் தூக்குகிறார்கள் என்று வாதாடினான். நாம் சிகரத்துக்குப் போகவில்லையே. இரவில் இருவர் விடும் மூச்சின் ஈரம் சில்லென்ற சுவரில் படிந்து உறையும். காலையில் யாராவது சுவரில் இடித்தால் அத்தனையும் தூக்கப்பைமேல் உதிரும். இரட்டைச் சுவர் இருந்தால் அது வெளித்துணியோடு நின்றுவிடும். மேலே குறைந்தது இரண்டு காற்றுத்துளைகள் இருக்க வேண்டும், அவற்றைக் குளிருக்குப் பயந்து மூடக் கூடாது. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும். இந்த விஷயத்தில் நான் அவனோடு பேரம் பேசுவதே இல்லை.

இனி, சென்னைக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம். லடாக்கில் இருக்கப்போவது சில நாள், ஆண்டின் மீதி நாளெல்லாம் இந்தக் கூடாரம் பெரம்பூரில்தான் கிடக்கும். மழை புகாமலிருக்கப் பெரும்பாலான கூடாரத் துணிகளின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூசியிருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு நீரோடு வினைபுரிந்து மெல்லச் சிதையும். நண்பர் ஒருவர் தன் கூடாரத்தைச் சுருட்டியபடியே பரணில் போட்டு வைத்திருந்தார். பிரித்தபோது புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. துணி விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு விட்டது, மடிப்புகளில் பூச்சு செதில் செதிலாக உரிந்து வந்தது. அந்தக் கூடாரம் பனியைப் பார்த்ததே அதிகம் இல்லை. நம் ஊர்ப் புழுக்கமே அதைத் தின்றுவிட்டது.

அதனால் நான் இருபுறமும் சிலிகான் பூசிய நைலான் வெளித்துணிதான் வேண்டும் என்று நின்றேன். சிலிகான் பூச்சு இப்படிச் சிதையாது. துணி கிழியாமல் தாங்கும் பலமும் அதில் கூடுதல். குறை இல்லாமல் இல்லை: சிலிகான்மேல் ஒட்டுநாடா நிற்காது, அதனால் பல கூடாரங்களில் தையலுக்கு நாமே சிலிகான் பசை தடவ வேண்டும். நைலான் நனைந்தால் கொஞ்சம் நீளும், நடுராத்திரியில் எழுந்து கயிற்றை இறுக்க வேண்டிவரும். பாலியெஸ்டர் அப்படித் தொய்யாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும், ஆனால் அதே எடையில் பலம் குறைவு. தரைத்துணியில் மட்டும் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான் கிடைக்கிறது. அதற்கு வழி, நன்றாக உலர்த்தி, சுருட்டாமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டுப் பீரோவுக்குள் வைப்பது. வெயில் காயும் கூரைக்கு அடியில் உள்ள பரண் கூடவே கூடாது. உலர்த்துவதும் நிழலில், நம் ஊர் வெயில் நைலானை இற்றுப்போக வைத்துவிடும்.

கடைசியில் வாங்கியது, குறுக்கே வெட்டிக்கொள்ளும் நான்கு குழாய், இரட்டைச் சுவர், சிலிகான் வெளித்துணி, இரு பக்கமும் கதவு. விலையைச் சொன்னால் அம்மா இதைப் படித்துவிடுவார். எடை நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் சரக்குப் பைக்கு 15 கிலோ என்னும்போது இது பெரிய பங்குதான். துணியை ஒருவரும் குழாய், முளைகளை மற்றவரும் சுமப்பது என்று பிரித்துக்கொண்டோம். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்றவே முடியாது, லடாக்கின் லே நகரில் வாங்க வேண்டும். பயன் ஒரு முறைதான் என்றால் வாடகைக் கூடாரமே போதும். லேயிலும் மணாலியிலும் கிடைக்கிறது. அங்கேயும் வாங்குமுன் பிரித்து, கயிற்று முனையையும் துணியின் வாடையையும் பார்த்துவிடுங்கள்.

கூடவே வந்த முளைகள் சாதாரண மண்ணுக்கானவை. பனியில் உருவிக்கொண்டு வந்துவிடும். துணிப்பையில் பனியை நிரப்பிக் கயிற்றைக் கட்டிக் குழியில் புதைத்து மிதித்தால் இறுகிவிடும், அதற்கு நான்கு சிறு பைகள் தைக்கக் கொடுத்திருக்கிறேன். கயிறும் மெல்லியதாகத் தெரிகிறது. சனிக்கிழமை பாரிமுனைப் பக்கம் கயிற்றுக் கடைகளைப் பார்க்கப் போகிறோம், பந்தல்கார அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.