ஈரக்கால் தடம்

கிருஷ்ண ஜெயந்தி அன்று என் மாமியார், கையை மடக்கி சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாவில் தோய்த்து, வாசலிலிருந்து பூஜை அறைவரை குட்டிப் பாதங்கள் வைத்துக்கொண்டே வந்தார். குளித்த ஈரக்காலோடு பின்னாலேயே என் நான்கு வயது மகன். சிவப்புத் தரையில் இரண்டு தடமும் பக்கத்துப் பக்கத்தில். கண்ணன் பாதம் நடுவில் அழகாக ஒடுங்கியிருந்தது. இவனுடையது குதிகாலிலிருந்து விரல்வரை ஒரே பட்டை.

"என்னம்மா, பிள்ளைக்கு உள்ளங்கால் பள்ளமே காணோமே?" என்றார் அத்தை.

எனக்கு அந்தப் பயம் ஏற்கெனவே இருந்தது. ஒரு ஷூ கடையில் "தட்டைப் பாதம், உடனே ஷூவுக்குள்ள பள்ளத்தைத் தாங்குற ஆர்ச் சப்போர்ட் வைக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். நுனிக்காலில் எம்பி நிற்கச் சொன்னார். எம்பியதும் பள்ளம் தெரிந்தது! இந்த வயதில் தசைநார்கள் இளக்கமாக இருக்கும், அடியில் கொழுப்பு மெத்தையும் இருக்கும், வலி இல்லாதவரை விடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயதுவரை 835 குழந்தைகளைப் பார்த்து 2006-இல் வெளியான ஆய்வில், பையன்களில் 52 சதவீதம், பெண் குழந்தைகளில் 36 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். மூன்று வயதில் 54 சதவீதமாக இருந்தது ஆறு வயதில் 24-ஆகக் குறைகிறது. எடை கூடிய குழந்தைகளிடம் அதிகம். பையன்களுக்கு அந்தக் கொழுப்பு மெத்தையே சற்றுத் தடிமன் என்பது வேறொரு ஆய்வு. நம் பக்கத்து மணிப்பாலில் 2,300 குழந்தைகளின் பாதத்தடம் எடுத்து 1992-இல் எழுதினார்கள்: செருப்பு, ஷூ போட்டவர்களில் 8.6 சதவீதம், வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவீதம். அன்றிலிருந்து வீட்டில் இவனுக்குச் செருப்பே கிடையாது.

பெரியவர்களானால் கதை மாறுகிறது. கர்ப்பத்தில் எடை ஏறி, தசைநாரும் இளகும்போது பள்ளம் தாழ்ந்து பாதமே நீளலாம். எனக்கு 6-ஆம் நம்பர் செருப்பு 7 ஆனதை வீக்கம் என்றே நினைத்திருந்தேன். அப்புறம், கணுக்காலின் உள்பக்கம் ஓடிப் பள்ளத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு தசைநாண் நைந்துபோய் வரும் தட்டைப் பாதம். நாற்பதைத் தாண்டிய, உடல் பருத்த பெண்களிடம்தான் அது அதிகமாம்.

அதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. அத்தைக்கு 61 வயது, 82 கிலோ. சாயங்காலமானால் உள்கணுக்காலில் தைலம் தேய்ப்பார். வயசுதான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தசைநாண் நைந்திருந்தால் ஒற்றைக்காலில் எம்புவது கஷ்டமாம். அத்தையைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படி எம்பச் சொன்னேன். இடது காலில் எம்பினார். வலது குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. "வரலைம்மா" என்று மறுபடி முயன்றார்.

திங்கட்கிழமை எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.