லெஸ்டர் கோழிகளுக்குப் பழைய சோறு கிடையாது

இங்கிலாந்துக்கு வந்து, தோட்டம் வைத்த வீடு அமைந்து, நாலு கோழி வளர்க்கலாமே என்று நினைக்கும் நம்மவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: சமையலறையில் மிஞ்சியதைக் கோழிக்குப் போடக்கூடாது, போட்டால் சட்டப்படி குற்றம். பழைய சோறு, தோசை ஓரம், பிரெட் துண்டு, ஏன், நறுக்கும்போது ஒதுக்கிய முட்டைக்கோஸ் தண்டுகூடக் கூடாது. முட்டையை விற்காமல் வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்பவருக்கும் இதே விதிதான். பால், தயிர், முட்டை, கறி எதுவுமே நுழையாத முழு வீகன் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. லெஸ்டர் நகரில் எங்கள் தெருவில் குஜராத்திக் குடும்பங்கள் அதிகம், பலர் சுத்த சைவம், ஆனால் மோரும் நெய்யும் இல்லாத வீடு ஏது, அதனால் அவர்களும் போட முடியாது.

காரணம் இல்லாமல் போட்ட சட்டம் இல்லை. 2001இல் இங்கே கோமாரி பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில் சரியாக வேகவைக்காத எச்சில் உணவைத் தீனியாகப் போட்டதில்தான் அது தொடங்கியது என்று விசாரணையில் சொன்னார்கள். கறியும் பாலும் புழங்கும் அடுப்படி வழியாக நோய் தீனிக்குள் வரலாம் என்ற பயம் அன்றிலிருந்து இருக்கிறது. பண்ணைகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களோடு பேசினால் அந்த வருடம் அவர்களுக்கு எப்படி இருந்தது என்பது புரியும்.

நான் நாமக்கல் பக்கத்துக் கிராமம். கோடையில் அம்மா வந்து எங்களோடு தங்கியபோது இந்த விஷயம் அவருக்குத் தாங்கவே இல்லை. "சோத்தைக் குப்பையில கொட்டறதுக்குக் கோழிக்குப் போட்டா அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போகுது, இதுக்கொரு சட்டமா கண்ணு?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் கோழிக்கென்று தீனி வாங்கியதே கிடையாது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் கொஞ்சம் நொய்யும் கம்பும் இறைப்போம், மீதியை அதுவே குப்பைமேட்டில் கிளறித் தேடிக்கொள்ளும். குஞ்சு பொரித்த சமயத்தில் பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து, ராத்திரி கவிழ்த்து வைப்பார்கள். விடிந்தால் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும், குஞ்சுகள் போட்டி போட்டுக்கொண்டு தின்னும். அது அருமையான புரதம் என்று படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆனால் அது வேறு கோழி. ஊர்க்கோழி வருடத்துக்கு அறுபது எழுபது முட்டை இடும், நடுவில் அடை படுக்கும், குஞ்சோடு திரியும், உடம்பு தேறிக்கொள்ளும். இங்கே எங்கள் தோட்டத்தில் இருப்பவை முட்டைப் பண்ணையிலிருந்து வந்த பழுப்புக் கலப்பினக் கோழிகள். ஒன்றரை வயதானதும் பண்ணைக்கு அவை லாபமில்லை, வெட்டுக்குப் போக வேண்டியவை. பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அவற்றை மீட்டு வீடுகளுக்குக் கொடுக்கிறது. அப்படி வந்தவைதான் எங்கள் நாலும். இந்த இனம் நல்ல வயதில் வருடத்துக்கு முந்நூறு முட்டை வரை இடும். அதாவது நாமக்கல்லில் வீட்டு வாசலில் திரிந்த கோழிக்கு அல்ல, ஊருக்கு வெளியே ஷெட்டில் இருந்த பண்ணைக் கோழிக்குத்தான் இவை சொந்தம். அங்கேயும் பண்ணைக் கோழிக்கு யாரும் சோறு போடுவதில்லை. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல் என்று அளந்து அரைத்துத்தான் போடுவார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு உருவாக இருபது மணி நேரம் ஆகும், பெரும்பகுதி இரவில்தான் நடக்கும். தீனியில் கால்சியம் போதவில்லை என்றால் கோழி முட்டையை நிறுத்தாது, தன் எலும்பிலிருந்து எடுத்துப் போடும். ஓடில்லாத தோல்முட்டை வருவதும், நாளடைவில் கால் தளர்ந்து எலும்பு முறிவதும் இதனால்தான். இதை நினைக்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை, அந்த ஜீவன் தன்னைக் கரைத்து நமக்குக் கொடுக்கிறது. அதனால்தான் முட்டையிடும் கோழிக்கென்றே செய்த குச்சித் தீனியான லேயர்ஸ் பெல்லட்டை முதன்மைத் தீனியாக வைக்கச் சொல்கிறேன். அதில் புரதம் 16 சதவீதம் போல இருக்கும், கால்சியம் மூன்றரை முதல் 4 சதவீதம். ஒரு கோழி நாளைக்கு 120 கிராம் தின்னும், 20 கிலோ மூட்டை நாலு கோழிக்கு ஆறு வாரம் போல வரும். வெந்த சோற்றில் நூறு கிராமுக்கு 3 கிராம் புரதம்கூட இல்லை. பாசத்தோடு அதை வயிறு முட்டப் போட்டால் பெல்லட்டுக்கு இடமிருக்காது, சட்டம் இல்லாவிட்டாலும் போட மாட்டேன்.

கூடுதல் கால்சியத்துக்குச் சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், தீனியில் கலக்க வேண்டாம். எந்தக் கோழிக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்கே தெரியும், மாலையில் போய் கொத்திக்கொள்ளும். குறுமணலும் வேண்டும், பல் இல்லாத கோழி வயிற்றில் கல்லை வைத்துத்தான் தானியத்தை அரைக்கிறது. சிப்பி கரைந்துவிடும், கல் கரையாது, ஆகவே ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று விடாதீர்கள். குஞ்சுகளுக்கும் முட்டையிடத் தொடங்காத விடலைகளுக்கும் மட்டும் லேயர்ஸ் பெல்லட் கொடுக்கவே கூடாது, அவ்வளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கோதுமையும் உடைத்த மக்காச்சோளமும் கலந்த தானியத்தைக் கடைகளில் வைத்திருப்பார்கள், கோழிகள் அதற்கு உயிரை விடும். சாயங்காலம் ஆளுக்கு ஒரு சின்னப் பிடி, அவ்வளவுதான். அதிகமானால் ஈரலில் கொழுப்பு ஏறி, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் கோழி திடீரென்று செத்துக் கிடக்கும்.

கீரை போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம், தோட்டத்திலிருந்து பறித்து நேரே கூண்டுக்குப் போக வேண்டும், சமையலறைக்குள் நுழையக்கூடாது. அம்மா வேலியோரம் ஒரு பாத்தி பிடித்து முளைக்கீரையும், இங்கே கிடைக்கும் கேல் என்ற கீரையும் கோழிகளுக்கென்றே போட்டுவிட்டுப் போனார். பச்சையேறிய உருளைக்கிழங்கு, அவகாடோ, வேகாத உலர் பீன்ஸ் ஆகியவை விஷம்.

இலையுதிர் காலத்தில் இறகு கொட்டத் தொடங்கும், முட்டையும் நின்றுவிடும். பயப்பட வேண்டாம். இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம்தான், அந்த வாரங்களில் தானியத்தைக் குறைத்து பெல்லட்டை மட்டும் தின்னவிட்டால் சீக்கிரம் தேறும். டிசம்பரில் லெஸ்டரில் வெளிச்சம் எட்டு மணி நேரம்கூட இருக்காது, தீனியைக் கூட்டினாலும் முட்டை வராது. சில வருடங்களில் பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளை அடைத்தே வைக்கச் சொல்லி உத்தரவு வரும், 2022 நவம்பரில் தொடங்கி மறு ஏப்ரல் வரை அப்படித்தான் இருந்தது. எப்போதுமே தீனியையும் தண்ணீரையும் கூரைக்குக் கீழே, காட்டுப் பறவைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்புறம், 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. மூட்டை வாங்கும்போது தேதியைப் பாருங்கள், பழசானால் வைட்டமின் போய்விடும். மூடியுள்ள தகர டப்பாவில் கொட்டி வையுங்கள், எலி வராது.