சுரங்க வீதி அரசிட்ட வரேக்க

ஹொங்கொங்கில கடலுக்கடியால போற மேற்குத் துறைமுகச் சுரங்க வீதி, தனியார் கம்பனியின்ர 30 வருச உரிமம் முடிஞ்சு 2023 ஓகஸ்ட் 2இல் அரசிட்ட வந்தது. காருக்கான கட்டணம் 75 ஹொங்கொங் டொலரில இருந்து 60 ஆகக் குறைஞ்சதைத்தான் சனம் கண்டது.

கஷ்டமான வேலை அதுக்கு முன்னம். கடைசி வருசங்களில எந்தக் கம்பனியும் பராமரிப்புக்குக் காசு இறக்க யோசிக்கும், பலன் அடுத்தவனுக்கெல்லோ! அதால ரெண்டு மூண்டு வருசம் முந்தியே காத்தோட்ட விசிறிகளின்ர அதிர்வு, கொங்கிறீற்று மூட்டில உப்புத்தண்ணிக் கசிவு எல்லாம் பார்க்கவேணும். மெயின் கரண்டை நிப்பாட்டி, தண்ணி இறைக்கிற பம்ப் ஜெனரேற்றரில எடுக்குதோ எண்டும் சோதிக்கவேணும். திருத்தாட்டி வருமானத்தில பிடிச்சுவைக்க ஒப்பந்தத்தில இடம் இருக்கோணும்.

எங்கட அதிவேக வீதிகளைத் தனியாரிட்டக் குடுக்கிறதெண்டாலும் இதே கதைதான். கட்டுப்பாட்டறை மென்பொருளின்ர உரிமம், கடவுச்சொல், கட்டினபடி வரைஞ்ச படங்கள் எல்லாத்தையும் அரசு திருப்பி எடுக்கிற கையெழுத்துக்கு முதலே வாங்கவேணும். பிறகு கேட்டா தனி பில்தான் வரும்.