திருடி வந்த எலும்பும் ஒளித்து வைத்த தங்கமும்

தென் பிரான்ஸின் ரொடெஸ் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மலைப்பாதை. கோங்க் என்ற ஊர் வந்ததும் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, கல் பாவிய சந்துகளில் நடக்க வேண்டியதுதான். தேய்ந்த செருப்போடு போனது என் தவறு. இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

லத்தீனில் சிப்பியைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்கிறார்கள். மரச்சட்டம் போட்ட வீடுகள், மீன் செதில் போல அடுக்கிய கற்பலகைக் கூரைகள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் என்னை இழுத்து வந்தது அழகு இல்லை, ஒரு திருட்டு.

9-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு மடம் இருந்தது. சொல்லிக்கொள்ளும்படி ஒரு புனிதரின் எலும்புகூட அதனிடம் இல்லை. எலும்பு இல்லையென்றால் யாத்திரிகர் இல்லை, யாத்திரிகர் இல்லையென்றால் காணிக்கை இல்லை. அஜேன் நகரத்திலோ ஃபுவா என்ற சிறுமியின் எலும்புகள் இருந்தன. ரோமானியர் காலத்தில் விசுவாசத்துக்காக உயிர்விட்டவள். கோங்க் துறவி ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்து, பத்து வருஷம் நல்ல பிள்ளையாக இருந்து நம்பிக்கை சம்பாதித்து, 866 வாக்கில் ஒரு நாள் எலும்புகளோடு ஊர் திரும்பிவிட்டார் என்பது கதை. பத்து வருஷம்! அந்தப் பொறுமையை நினைத்தால் கோபம்கூட வரவில்லை. புனிதை தானே விரும்பி இடம் மாறினாள் என்று மடத்தார் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அப்புறம் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். ஸ்பெயினில் உள்ள யாத்திரைத் தலமான சந்தியாகோவுக்கு நடந்து போகிறவர்கள் வழியில் இங்கே தங்க, 11-ஆம் நூற்றாண்டில் இப்போதுள்ள பெரிய தேவாலயம் எழும்பத் தொடங்கியது. அதன் வாசலுக்கு மேலே கடைசித் தீர்ப்பு நாள், 124 உருவங்களோடு. சொர்க்கம் வரிசையாக, ஒழுங்காக, கொஞ்சம் சலிப்பாக இருக்கிறது. சிற்பி மனம் வைத்துச் செய்தது நரகத்தைத்தான். கழுத்தில் பணப்பையோடு தொங்கும் கஞ்சன், குதிரையிலிருந்து தலைகுப்புற விழும் வீரன், பல்லை இளிக்கும் பேய்கள். வளைவின் விளிம்பில் சில குட்டி முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. நானும் அப்படித்தான் கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

எலும்புகளை வைக்கச் செய்த சிலை பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 85 சென்டிமீட்டர் உயரம். உள்ளே மரம், மேலே தங்கத் தகடு, உடம்பெங்கும் பக்தர்கள் கொடுத்த கற்கள். முகம் மட்டும் சிறுமிக்குரியதாக இல்லை. அது பிற்கால ரோமானியச் சிற்பம் ஒன்றின் தலையாக இருக்கலாம் என்கிறார்கள். 1013-இல் வந்த ஆஞ்ஜே நகரத்துப் படிப்பாளி பெர்னார், ரோமானியக் கடவுள் ஜூபிடரின் சிலையைப் போல இதையும் கும்பிடுகிறார்களே என்று முதலில் கிண்டல் செய்தார். பிறகு மனம் மாறி, அவளுடைய அற்புதங்களைப் புத்தகமாகவே எழுதிவைத்தார். அந்தக் கண்கள் முறைக்கிற முறைப்பைப் பார்த்தால், மாறாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயப் பொன்னும் வெள்ளியும் உருக்கப்போன காலத்தில், ஊர்க்காரர்கள் பொக்கிஷத்தைப் பங்குபோட்டு வீடுகளிலும் தோட்டங்களிலும் ஒளித்து வைத்தார்களாம். நிலைமை அடங்கியதும் எல்லாம் திரும்பி வந்தது. ஒருகாலத்தில் திருடிக் கொண்டுவந்த ஊர், இந்தத் தடவை திருட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் மடத்தின் சுற்றுமண்டபக் கற்களை மட்டும் அவர்களே வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள்! இடிந்து கிடந்த தேவாலயத்தை 1837-இல் வந்து பார்த்த ப்ரோஸ்பெர் மெரிமே, அரசு நினைவுச்சின்ன ஆய்வாளர் என்ற முறையில் அதைக் காப்பாற்ற வழிசெய்தார்.

உள்ளே 104 ஜன்னல்கள். ரொடெஸில் பிறந்த ஓவியர் பியர் சுலாஜ் வடிவமைத்த கண்ணாடிகள், 1994-இல் முடிந்தவை. வண்ணமும் இல்லை, உருவமும் இல்லை. வெளிச்சம் மட்டும் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. ஊரில் அப்போது எதிர்ப்பு இருந்ததாம். எனக்குப் பிடித்திருந்தது.

இரவு, சீஸ் போட்டு இழுத்துக் கிண்டிய உருளைக்கிழங்கு மசியல், அலிகோ. சாப்பிட்டபடி, தங்கியிருந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன்: "உங்கள் வீட்டிலும் தங்கம் ஒளித்து வைத்திருந்தார்களா?"

"தோட்டத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி வைத்தார்.